ஆறு, கால்வாய்ல மோட்டார் போட்: கயிறு அவுக்கிறதுல இருந்து திரும்பக் கட்டுற வரைக்கும் முழு வழிகாட்டி

கார் ஓட்டிப் பழகினவங்க முதல் தடவ போட் ஸ்டியரிங் பிடிக்கும்போது ஒரு விஷயத்த மனசுல ஏத்திக்கணும், போட்டுக்கு பிரேக் கிடையாது. நிறுத்தணும்னா ரிவர்ஸ் கியர் போட்டு ப்ரொப்பல்லர எதிர்ப்பக்கம் சுத்த விட்டுதான் நிறுத்தணும், அந்த ரிவர்ஸும் இன்ஜின் ஓடினாதான் உண்டு, இன்ஜின் ஓடணும்னா டீசல்ல தண்ணி கலந்திருக்கக்கூடாது, கூலிங் தண்ணி வர்ற வழில இலை அடச்சிருக்கக்கூடாது, ப்ரொப்பல்லர்ல பிளாஸ்டிக் பை சுத்தியிருக்கக்கூடாது. காலைல பத்து நிமிஷம் இன்ஜின் ரூம்ல குனிஞ்சு பாக்கிறதும் சாயங்காலம் பாலத்துத் தூண்ல இடிக்காம நிக்கிறதும் ஒரே வேலைதான். அதனால ஓட்டுறத தனியா பராமரிப்ப தனியா பிரிக்காம, ஒரு நாள் எந்த வரிசைல போகுமோ அந்த வரிசைலயே எழுதுறேன்.

நான் மனசுல வச்சிருக்கிறது 8ல இருந்து 15 மீட்டர் நீளம், ஒரே டீசல் இன்ஜின், ஒரே ப்ரொப்பல்லர், பின்னாடி சுக்கான், இந்த மாதிரி மெதுவா போற போட். ரெண்டு இன்ஜின் வச்சவங்களுக்கும் அவுட்போர்டு, அதாவது பின்னாடி வெளிய தொங்குற இன்ஜின் வச்சவங்களுக்கும் திருப்புற முறை மாறும், மத்ததெல்லாம் கிட்டத்தட்ட இதேதான்.

முந்தின நாள்: நாலு நம்பர்

நீளம், அகலம், தண்ணிக்குக் கீழ எவ்ளோ ஆழம் இறங்கியிருக்கு, தண்ணிக்கு மேல எவ்ளோ உயரம். இந்த நாலையும் ஒரு அட்டைல பெருசா எழுதி ஸ்டியரிங் பக்கத்துல ஒட்டி வைங்க, மீட்டர்லயும் அடிலயும். பாலம் 100 மீட்டர்ல வரும்போது பேப்பர் தேடுறதுக்கு நேரம் இருக்காது. கால்வாய்க்குக் கால்வாய் அளவு ரொம்ப மாறும், பிரான்ஸ்ல 1879ல போட்ட சட்டப்படி கட்டின லாக்குகள் (போட்ட ஒரு தண்ணி மட்டத்துல இருந்து இன்னொண்ணுக்குக் கொண்டு போற கதவு வச்ச தொட்டிகள்) 39 மீட்டர் நீளம் 5.2 மீட்டர் அகலம், இங்கிலாந்தோட குறுகலான பழைய கால்வாய்கள்ல லாக் அகலமே சுமார் 7 அடிதான். ஒரு இடத்துல சுகமா போன போட் இன்னொரு இடத்துல வாசல்லயே நின்னுடும்.

உயரத்த அளக்கும்போது டேங்க்ல டீசலும் தண்ணியும் கம்மியா இருக்கிற நிலைல அளங்க, ஏன்னா போட் லேசாகும்போது மேல எழும்பும். வளைவுப் பாலத்துல எழுதியிருக்கிற உயரம் பல இடங்கள்ல நடு வளைவுக்கு மட்டும்தான், உங்க கேபின் கூரையோட ரெண்டு மூலையும் அந்த வளைவுக்குள்ள அடங்குதான்னு பாக்கணும், கூரை சதுரமா இருந்தா நடுவுல இடம் இருந்தும் மூலை இடிக்கும். ஆத்துல தண்ணி அரை மீட்டர் ஏறினா பாலம் அரை மீட்டர் இறங்கிடுச்சுன்னு அர்த்தம், இத நிறைய பேர் மறந்துடுறாங்க.

அப்புறம் ஆத்தோட மேல்பக்கம், அதாவது தண்ணி வர்ற பக்கம், மழை பெஞ்சிருக்கான்னு பாருங்க. நீங்க இருக்கிற இடத்துல வெயில் அடிக்கலாம், 200 கிலோமீட்டர் மேல்பக்கத்துல பெஞ்ச மழை ரெண்டு நாள் கழிச்சு உங்ககிட்ட வரும். அந்தந்த நீர்வழி அதிகாரிகள் தண்ணி மட்டமும் ஓட்டத்தோட எச்சரிக்கையும் வெளியிடுவாங்க, அது சிவப்புல இருந்தா கிளம்பாதீங்க, பேச்சே இல்ல. தண்ணி கலங்கி மரக்கிளை மிதந்து வந்தா எந்த அறிவிப்பும் இல்லன்னாலும் கிளம்பாதீங்க.

காலைல: இன்ஜின் மூடியத் திறங்க

இந்த வரிசைய அப்படியே பழக்கமாக்கிக்கலாம்.

முதல்ல பில்ஜ், அதாவது போட்டோட அடி வயிறு. நேத்து காஞ்சிருந்த இடத்துல இன்னைக்குத் தண்ணி இருந்தா அது எங்கருந்து வந்துச்சுன்னு தெரியாம கயிற அவுக்காதீங்க. தண்ணியா, டீசலா, ஆயிலா, கூலன்ட்டா, விரல்ல தொட்டு மோந்து பாத்தாலே தெரிஞ்சிடும். பம்ப் தானா இறைக்குதுன்னு நிம்மதியா இருக்கக்கூடாது, அது எத்தன தடவ ஓடுதுங்கிறதுதான் செய்தி.

ரெண்டாவது ஆயில், கூலன்ட், பெல்ட். ஆயில் டிப்ஸ்டிக்ல பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி கலந்திருக்கு, ஸ்டார்ட் பண்ணாதீங்க. பெல்ட்டுக்குக் கீழ கருப்புப் பொடி கொட்டியிருந்தா பெல்ட் வழுக்குது, இல்லன்னா பெல்ட் ஓடுற சக்கரம் (புல்லி) நேரா இல்ல.

மூணாவது ஸ்ட்ரெய்னர், அதாவது உள்ள வர்ற தண்ணிய வடிகட்டுற கூடை. வெளித்தண்ணிய இழுத்து இன்ஜின ஆத்துற சிஸ்டம்னா ஆறு கால்வாய்ல முதல் எதிரி இலையும் பாசியும் சேறும்தான், கடல்ல ஒரு வாரம் தாங்குற ஸ்ட்ரெய்னர் இங்க அரை நாள்ல அடைக்கும். வெளித்தண்ணி உள்ள வர்ற வழில இருக்கிற சீ-காக் வால்வ மூடு, ஸ்ட்ரெய்னரத் திற, கழுவு, ரப்பர் சீல் ஒழுங்கா உக்காந்துருக்கான்னு பாத்து மூடு, சீ-காக்கத் திறக்க மறக்காத. மறக்கிறது நிறைய நடக்கும், அதனால வால்வு மூடியிருக்கிற நேரம் இன்ஜின் சாவிய அந்த வால்வு கைப்பிடிலயே மாட்டி வைக்கிறது என்னோட வழக்கம், சாவி வேணும்னா வால்வுகிட்ட போய்தான் ஆகணும். போட்டோட அடித்தகட்டுலயே மூடின டேங்க் வச்சு ஆத்துற கீல் கூலிங் சிஸ்டமா இருந்தா இந்தத் தொல்லை இல்ல, கூலன்ட் அளவு மட்டும் பாத்தா போதும்.

நாலாவது டீசல் ஃபில்டர்ல இருக்கிற கண்ணாடிக் கிண்ணம். அடில தண்ணியோ கருப்புப் பிசினோ தெரிஞ்சா வடிச்சு விடணும். இது ஏன் வருதுன்னு கீழ சொல்றேன்.

அஞ்சாவது ஸ்டெர்ன் க்ளாண்ட், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் போட்ட விட்டு வெளிய போற இடம். பழைய பேக்கிங் டைப்புல ஷாஃப்ட் சுத்தும்போது நிமிஷத்துக்கு ஒரு சில சொட்டு விழணும், அதுதான் அதுக்கு மசகும் குளிர்ச்சியும். சொட்டே வரக்கூடாதுன்னு இறுக்கிறவங்க ஷாஃப்ட்ட சூடாக்கித் தேய்ச்சுடுவாங்க. கை வச்சா வெதுவெதுப்பா இருக்கலாம், சுடக்கூடாது. இறுக்கணும்னா ரெண்டு நட்டையும் சமமா, கொஞ்சம் கொஞ்சமா.

இதெல்லாம் முடிச்சு ஸ்டார்ட் பண்ணினதும் பின்னாடி போய் எக்ஸாஸ்ட்ல தண்ணி துப்புதான்னு கண்ணால பாருங்க. வரலன்னா உடனே ஆஃப், கூலிங் பம்ப்ல தண்ணியத் தள்ளுற ரப்பர் இதழ்ச் சக்கரம், அதாவது இம்பெல்லர், தண்ணி இல்லாம சுத்தினா கொஞ்ச நேரத்துலயே கிழிஞ்சிடும். பெட்ரோல் இன்ஜின்னா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே இன்ஜின் ரூம் காத்த வெளியேத்துற ப்ளோவர குறஞ்சது 4 நிமிஷம் ஓட விடுங்க, பெட்ரோல் ஆவி காத்த விட கனம், பில்ஜ்ல தேங்கி நிக்கும், ஒரு பொறி போதும். கடைசியா கயிறு கட்டியிருக்கும்போதே முன் கியர் ரெண்டு செகண்ட், ரிவர்ஸ் ரெண்டு செகண்ட் போட்டுப் பாருங்க. ரிவர்ஸ் விழலங்கிறத லாக் வாசல்ல தெரிஞ்சுக்கிறதவிட கரைல தெரிஞ்சுக்கிறது எவ்ளோ மேல்.

கரையை விட்டு விலகுறது

போட் பின்பக்கத்தாலதான் திரும்பும். முன்னாடி போகும்போது அது சுழலுற மையம் முன்மூக்குல இருந்து சுமார் மூணுல ஒரு பங்கு தூரத்துல இருக்கும், அதனால ஸ்டியரிங்க வெளிப்பக்கம் திருப்பி கார் மாதிரி எடுத்தீங்கன்னா பின்பக்கம் கரையில உரசும். சரியான முறை இது. முன்மூக்குல இருந்து ஒரு கயிற கரைல பின்னாடி தள்ளி இருக்கிற வளையத்துல சுத்தி திரும்பக் கைக்குக் கொண்டு வாங்க, இதுக்குப் பேரு ஸ்ப்ரிங். மூக்குப் பக்கம் ஒரு தடிச்ச ஃபெண்டர், அதாவது இடிபடாம நடுவுல தொங்க விடுற மெத்து. மத்த கயிறெல்லாம் அவுத்துட்டு, ஸ்டியரிங்க கரைப் பக்கமா திருப்பி, மெதுவா முன் கியர். கயிறு மூக்கப் பிடிச்சுக்கும், பின்பக்கம் தானா தண்ணிப் பக்கம் விலகும். நல்லா விலகினதும் நியூட்ரல், கயிற இழுத்துக்கோங்க, முழுக்க போட்டுக்குள்ள வந்துடுச்சுன்னு கண்ணால பாத்த அப்புறம்தான் ரிவர்ஸ், ஸ்டியரிங் நேரா. கயிறு தண்ணில கிடந்தா ரிவர்ஸ்ல ப்ரொப்பல்லர்தான் அத முதல்ல கண்டுபிடிக்கும்.

நீரோட்டம் முன்னாடி இருந்து வந்தா இன்னும் சுலபம், முன் கயிற விட்டா தண்ணியே மூக்க வெளிய தள்ளிக் குடுக்கும்.

இன்னொன்னு, ப்ரொப்பல்லரோட இழுப்பு. வலது சுத்து ப்ரொப்பல்லர்னா, அதாவது பின்னாடி நின்னு பாத்தா முன் கியர்ல கடிகாரம் மாதிரி சுத்துறதுன்னா, ரிவர்ஸ் போட்டதும் பின்பக்கம் இடது பக்கம் போகும், நீங்க ஸ்டியரிங் எந்தப் பக்கம் வச்சிருந்தாலும் சரி. இத எதிர்த்து சண்டை போடாம உங்களுக்குச் சாதகமா வச்சுக்கணும். கரை கட்டும்போது இடது பக்கத்த கரைக்குக் குடுத்தா கடைசி ரிவர்ஸ்ல பின்பக்கம் தானா கரைக்கு வந்து ஒட்டும். குறுகலான இடத்துல திருப்பணும்னா வலது பக்கமா திருப்புங்க, ஸ்டியரிங் முழு வலது, முன்னாடி ஒரு சின்ன உதை, அப்புறம் ரிவர்ஸ் ஒரு உதை, திரும்ப முன்னாடி, போட் கிட்டத்தட்ட நின்ன இடத்துலயே சுத்தும். உங்க ப்ரொப்பல்லர் எந்தப் பக்கம்னு தெரியலன்னா கயிறு கட்டி வச்சு ரிவர்ஸ் போட்டு, எந்தப் பக்கம் தண்ணி கலங்கி முன்னாடி வருதுன்னு பாருங்க, பின்பக்கம் அதுக்கு எதிர்ப்பக்கம் போகும்.

ஓடிட்டு இருக்கும்போது

வேகம் சரியா தப்பான்னு சொல்ல மீட்டர் வேண்டாம், திரும்பிப் பாருங்க. உங்க அலை கரைல போய் உடைஞ்சு மண்ண அரிச்சா வேகம் ஜாஸ்தி. இங்கிலாந்து கால்வாய்கள்ல பொதுவா மணிக்கு 4 மைல்தான், வேற இடங்கள்ல வேற எண் இருக்கும், ஆனா எண்ணுக்குள்ள இருந்தாலும் கட்டி வச்சிருக்கிற போட்டுக்கிட்ட வரும்போது இன்னும் குறைக்கணும், அதுவும் அவங்க பக்கத்துல வந்து இல்ல, நாலஞ்சு போட் நீளத்துக்கு முன்னாடியே. உங்க அலை அவங்க கயிற இழுத்து ஆணியப் பிடுங்கும், அடுப்புல கொதிக்கிற பாத்திரத்தக் கவுக்கும்.

ஆழம் கம்மியான தண்ணில த்ராட்டில் கூட்டினா வேகம் கூடாது, பின்பக்கம் கீழ உக்காரும், பின்னாடி அலை மட்டும் பெருசாகும், ஸ்டியரிங் மந்தமாகும். போட் சேத்த இழுக்குதுன்னு தோணினா குறைங்க, பல நேரம் குறைச்சதும் போட் எழும்பி அதே வேகத்துல சுகமா போகும், டீசலும் மிச்சம். கரைய ஒட்டிப் போனா மூக்கு கரைய விட்டு வெளிய தள்ளப்படும், பின்பக்கம் கரைக்கு இழுக்கப்படும், அதனால கால்வாய்ல நடுவுலயே போங்க, எதிர்ல ஆள் வரும்போது மட்டும் வலது ஒதுங்குங்க, அதுவும் ரெண்டு பேருக்கும் தேவையான அளவு மட்டும்.

ஆத்து வளைவுல வெளிப்பக்கம் ஆழம், உள்பக்கம் மணல் மேடு. தண்ணி வெளிப்பக்கம் வேகமா ஓடி மண்ண அரிக்கும், உள்பக்கம் மெதுவாகி மண்ணப் போடும், அதனால வளைவ வெட்டிக் குறுக்க போறவங்கதான் தரை தட்டுவாங்க. தண்ணி மேல வி மாதிரி சுருக்கம் தெரிஞ்சு அதோட கூர் மேல்பக்கம் பாத்து இருந்தா, அதாவது நீங்க கீழ வரும்போது உங்களப் பாத்து இருந்தா, அங்க கீழ ஏதோ கட்டையோ கல்லோ இருக்கு.

நீரோட்டத்தோட கீழ வர்ற போட்டுக்கு கண்ட்ரோல் கம்மி, எதிர்த்து மேல போறவரால நின்ன இடத்துல நிக்க முடியும், அதனால குறுகலான பாலத்துல கீழ வர்றவருக்கு வழி விடுறதுதான் நியாயமும் பல நாட்டு விதியும். ஐரோப்பிய உள்நாட்டு நீர்வழிகளுக்கு செவ்னினு ஒரு பொது விதித்தொகுப்பு இருக்கு, அதுல மேல போற பெரிய சரக்குக் கப்பல் வலது பக்கம் நீலப் பலகையும் மினுக்குற வெள்ளை விளக்கும் காட்டினா வலதுக்கு வலது கடக்கணும்னு சொல்றார்னு அர்த்தம். ஒரு குட்டி ஹாரன் வலது திரும்புறேன், ரெண்டு இடது, மூணு ரிவர்ஸ், நாலு என்னால கட்டுப்படுத்த முடியல. அமெரிக்காவுல உள்நாட்டு விதி தனி, அங்க ஒரு ஹாரனுக்கும் ரெண்டு ஹாரனுக்கும் அர்த்தம் வேற, போற நாட்டு விதிப் புத்தகத்தப் படிச்சுட்டுத்தான் போகணும்.

மிதவை நிறத்துலயும் கவனம். ஐரோப்பா, ஆசியாவுல பெரும்பகுதி, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவுல கடல்ல இருந்து ஆத்துல மேல ஏறும்போது சிவப்பு இடது பக்கம். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ்ல சிவப்பு வலது பக்கம். ஆத்தோட வலது கரை இடது கரைனு சொல்றது எப்பவும் தண்ணி போற திசையப் பாத்து நின்னு சொல்றது, நீங்க எதிர்த்துப் போனா அது தலைகீழ்.

பெரிய கப்பலப் பத்தி ஒரே விதி போதும், அவர் நின்னு ஓட்டுற வீல்ஹவுஸ் கண்ணாடி உங்களுக்குத் தெரியலன்னா நீங்க அவருக்குத் தெரியல. முன்னாடி நூத்துக்கணக்கான மீட்டர் அவருக்குக் குருட்டு இடம். அவர் கடக்கும்போது தண்ணி முதல்ல அவர் பக்கம் உறிஞ்சப்பட்டு அப்புறம் திரும்பி அடிக்கும், பக்கத்துல ஒட்டாம, ஓரமா, மெதுவா, ஸ்டியரிங் வேலை செய்ற அளவு வேகம் வச்சிருங்க.

லாக்: அவசரப்படுறவங்க அடிபடுற இடம்

லாக்னா ரெண்டு கதவுக்கு நடுவுல ஒரு தண்ணித் தொட்டி, மதகத் திறந்து தண்ணிய ஏத்தியோ இறக்கியோ போட்ட அடுத்த மட்டத்துக்குக் கொண்டு போறாங்க. ஐரோப்பால சிவப்பு விளக்குன்னா நில்லு, சிவப்பும் பச்சையும் சேந்து எரிஞ்சா தயார் பண்றாங்க, பச்சைன்னா வா, மேலயும் கீழயும் ரெண்டு சிவப்புன்னா லாக் வேலை செய்யல.

1. வாசல்ல இருந்து தள்ளி நில்லுங்க. கீழ்ப்பக்கம் காத்திருந்தா உள்ள இருந்து திறந்து விடுற தண்ணி உங்களத் தள்ளும். உள்ள இருந்து வர்ற போட் முழுசா வெளிய வரட்டும்.

2. ரெண்டு பக்கமும் ஃபெண்டர், முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு கயிறு சுருட்டித் தயாரா. கயிறு நீளம் லாக் ஆழத்தப் போல ரெண்டு மடங்குக்கு மேல வேணும், 4 மீட்டர் லாக்குக்கு 10 மீட்டருக்குக் கம்மியா கொண்டு போகாதீங்க. எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட். நல்ல கத்தி ஒண்ணு கை எட்டுற இடத்துல.

3. நடக்கிற வேகத்த விட மெதுவா உள்ள போங்க. பெரிய கப்பல் முன்னாடி போயிருந்தா அவர் கட்டி முடிச்சு ப்ரொப்பல்லர் நிக்கிற வரைக்கும் வெளியவே இருங்க.

4. கயிற பொல்லார்ட்ல, அதாவது கரைல இருக்கிற குட்டைத் தூண்ல சுத்தி, திரும்ப உங்க போட்ல கயிறு மாட்டுற க்ளீட்ல ஒரு சுத்து போட்டு நுனியக் கைல வச்சுக்கோங்க. முடிச்சுப் போடாதீங்க, கைல சுத்திக்காதீங்க. இறங்கும்போது முடிச்சுப் போட்ட போட் கயித்துலயே தொங்கும், சாயும், க்ளீட்டே பிச்சுக்கும். அந்தக் கத்தி இதுக்குத்தான்.

5. மேல ஏறும்போது தண்ணி முன்னாடி இருந்து கொந்தளிச்சு வரும், மூக்கு இழுபடும், முன் கயித்துல இருக்கிறவர் தளர்வ எடுத்துட்டே இருக்கணும், மூக்கு கதவுக்கடியிலயோ சுவத்து இடுக்குலயோ மாட்டாம பாத்துக்கணும். கீழ இறங்கும்போது பின்னாடிக் கதவுக்கடில கான்கிரீட்டோ கல்லோ வாசப்படி மாதிரி நீட்டிட்டு இருக்கும், தண்ணி இறங்க இறங்க அது வெளிய தெரியும். சுவத்துல வெள்ளைக் கோடு போட்டிருப்பாங்க, உங்க பின்பக்கமும் சுக்கானும் அந்தக் கோட்டுக்கு முன்னாடி இருக்கணும். அந்தப் படில பின்பக்கம் உக்காந்து மூக்கு இறங்கினா ரெண்டு மூணு நிமிஷத்துல போட் முழுகிடும், இப்படி நிஜமாவே போட் போயிருக்கு. ஏதாவது மாட்டினா உடனே சத்தம் போட்டு மதக மூடச் சொல்லுங்க, மூடினா தண்ணி நிக்கும், யோசிக்க நேரம் கிடைக்கும்.

6. சுவரையும் பக்கத்து போட்டையும் கையாலயோ காலாலயோ தள்ளாதீங்க. பத்து டன் போட் மெதுவா வந்தாலும் எலும்பு தாங்காது, ஃபெண்டர் எதுக்கு இருக்கு.

7. கதவு திறந்ததும் அவுக்க அவசரப்படாதீங்க. முன்னாடி இருக்கிற பெரிய கப்பல் ப்ரொப்பல்லர் சுத்த ஆரம்பிச்சதும் ஒரு வெள்ளம் பின்னாடி வரும், அது அடங்கினதும் கிளம்பலாம்.

தடுப்பணை, நங்கூரம்

ஆத்துல லாக் இருக்கிற இடத்துல பக்கத்துலயே தடுப்பணை இருக்கும், தண்ணி அதப் பாத்துதான் இழுக்கும், லாக்கப் பாத்து இல்ல. மேல்பக்கத்துல இருந்து பாத்தா தண்ணி வழியுற இடம் ஒரு நேர்கோடு மாதிரி அமைதியா தெரியும், அதுதான் ஏமாத்துற விஷயம். அங்க இன்ஜின் நின்னா உங்ககிட்ட இருக்கிற ஒரே பிரேக் நங்கூரம். அதனால ஆத்துல நங்கூரம் பெட்டிக்குள்ள மெத்தைக்கடில இருக்கக்கூடாது, மூக்குல மாட்டி, சங்கிலி சிக்கில்லாம, கடைசி முனை போட்டோட உறுதியான இடத்துல கட்டி, ஒரே ஆள் பத்து செகண்ட்ல போடுற மாதிரி இருக்கணும். ஆழத்தோட மூணுல இருந்து அஞ்சு மடங்கு நீளம் விடுங்க, ஓட்டம் வேகமா இருந்தா இன்னும் ஜாஸ்தி. எப்பவும் மூக்குல இருந்துதான் போடணும், பின்பக்கம் கட்டினா ஓட்டம் போட்ட அமுக்கித் தண்ணி உள்ள ஏறும். சீசன் ஆரம்பத்துல அமைதியான இடத்துல ஒரு தடவ நிஜமாவே போட்டு எடுத்துப் பாருங்க.

வழில வர்ற கோளாறு

ப்ரொப்பல்லர்ல ஏதோ சுத்திக்கிச்சுன்னா திடீர்னு அதிர்வு, வேகம் விழும், கரும்புகை. முதல்ல நியூட்ரல், அப்புறம் சின்னதா ஒரு ரிவர்ஸ், பாசியும் இலையும் பாதி நேரம் இதுலயே கழண்டுடும். இல்லன்னா கரைல கட்டிட்டு இன்ஜின் ஆஃப், சாவி உங்க பாக்கெட்ல, ஸ்டியரிங்ல இருக்கிறவர் நல்ல மனுஷன்தான் ஆனா சாவி உங்க பாக்கெட்ல இருக்கணும். சில போட்ல ப்ரொப்பல்லருக்கு மேலயே திறப்பு இருக்கும், கயிறுன்னா பல்லு வச்ச கத்தி, கம்பின்னா கட்டர். வேலை முடிஞ்சதும் அந்த மூடிய ஒழுங்கா இறுக்கி, இன்ஜின் ஓட விட்டு, கசியுதான்னு பாத்துட்டுத்தான் போகணும், இந்த மூடி சரியா மூடாம முழுகின போட் உண்டு.

தரை தட்டினா த்ராட்டில் குடுத்து ஏறிப் போக நினைக்காதீங்க, இன்னும் ஆழமா குத்தும். நியூட்ரல், பில்ஜப் பாருங்க, தண்ணி வருதா. வரலன்னா வந்த வழியே மெதுவா ரிவர்ஸ், மூக்கு தட்டியிருந்தா ஆளுங்க எல்லாம் பின்பக்கம் வந்து நில்லுங்க. நீளக் கழி வச்சு எந்தப் பக்கம் ஆழம்னு தடவிப் பாருங்க, அந்தக் கழியாலயே தள்ளலாம். இன்னொரு போட் கயிறு கட்டி இழுத்தா அந்தக் கயிறு விறைக்கும்போது யாரும் அதோட நேர்கோட்டுல நிக்கக்கூடாது, அறுந்தா சாட்டை மாதிரி வரும். வெளிய வந்ததும் ஸ்ட்ரெய்னரத் திறங்க, நிச்சயமா சேறு இருக்கும்.

சூடு அலாரம் அடிச்சா பெரும்பாலும் ஸ்ட்ரெய்னர், இல்ல இம்பெல்லர், இல்ல பெல்ட், இந்த வரிசைல. முதல்ல போட்ட கட்டுங்க, அப்புறம் தேடுங்க. கூலன்ட் மூடிய சூட்டுல திறக்காதீங்க. இம்பெல்லர்ல இதழ் உடைஞ்சிருந்தா அந்தத் துண்ட குழாய்க்குள்ள தேடி எடுக்கணும், விட்டா அது வேற எங்கயோ அடைக்கும். ஸ்பேர் இம்பெல்லர், பெல்ட், டீசல் ஃபில்டர் ரெண்டு, இதுங்க இல்லாம கிளம்பாதீங்க.

ஆள் தண்ணில விழுந்தா முதல் வேலை நியூட்ரல், கத்துறதுக்கும் முன்னாடி. ப்ரொப்பல்லர்தான் பெரிய ஆபத்து. ரிவர்ஸ்ல அவர்கிட்ட போகாதீங்க. கால்வாய்னா பல இடத்துல நெஞ்சளவுதான் இருக்கும், நின்னு பாருங்கனு சொல்லுங்க. ஆத்துல மிதவையோ கயிறோ எறிஞ்சுட்டு, சுத்தி வந்து கீழ்ப்பக்கத்துல இருந்து ஓட்டத்தப் பாத்தபடி மெதுவா நெருங்கி, கிட்ட வந்ததும் இன்ஜின் ஆஃப். வெளிய வந்ததும் குளிச்சு காயத்த சோப்பு போட்டுக் கழுவணும், எலி சிறுநீர்ல இருந்து வர்ற லெப்டோஸ்பைரோசிஸ் இந்தத் தண்ணிகள்ல இருக்கும், அடுத்த ரெண்டு மூணு வாரத்துல காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட ஆத்துத் தண்ணில விழுந்தேன்னு சொல்லியே ஆகணும்.

சாயங்காலம் கட்டுறது

எப்பவும் மூக்க ஓட்டத்தப் பாத்து வச்சுக் கட்டுங்க. கீழ போய்ட்டு இருந்தாலும் இடத்தத் தாண்டி, திரும்பி, எதிர்த்து வந்து கட்டுங்க. ஓட்டத்துக்குச் சமமா த்ராட்டில் வச்சா போட் கரையப் பொறுத்து நின்ன இடத்துலயே நிக்கும், மூக்க கரைப் பக்கம் லேசா சாச்சா பக்கவாட்டுல நகந்து போய் ஒட்டும். இத அமைதியான இடத்துல பத்து தடவ பழகுங்க, போட் ஓட்டுறதுல இத விட அழகான விஷயம் எனக்குத் தெரியாது. மேல்பக்கத்துக் கயிறு முதல்ல. கரைக்குக் குதிக்காதீங்க, போட் ஒட்டினதும் கால எடுத்து வைங்க.

முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு மட்டும் போதாது, குறுக்க ரெண்டு ஸ்ப்ரிங் போடுங்க, கடந்து போற போட் உங்கள முன்னும் பின்னும் இழுக்காது. தண்ணி மட்டம் மாறுற ஆறுன்னா கயித்துல தளர்வு விட்டு ராத்திரி ஒரு தடவ எழுந்து பாருங்க. நடைபாதைக்குக் குறுக்க கயிறு போகக்கூடாது, இருட்டுல யாராவது தடுக்கி விழுவாங்க.

உள்ள தூங்கும்போது கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம், அதுக்கு வாசனையும் இல்ல நிறமும் இல்ல, தலைவலிதான் முதல் அறிகுறி. பின்பக்கம் துணிக்கூரை போட்டு மெதுவா ஓடும்போது எக்ஸாஸ்ட் புகை சுழண்டு உள்ளயே திரும்பும், முன் ஜன்னலத் திறந்து வைங்க. சமையல் கேஸும் காத்த விட கனம், சிலிண்டர் இருக்கிற பெட்டியோட வடிகால் வெளிப்பக்கமா இருக்கணும், சமைச்சு முடிச்சதும் சிலிண்டர்லயே மூடுங்க. கரை கரண்ட் குத்தியிருக்கிற மரினாவுல நீந்தாதீங்க, நல்ல தண்ணிய விட மனுஷ உடம்பு கரண்ட்ட நல்லா கடத்தும், பக்கத்து போட்ல கசியுற கொஞ்சம் கரண்ட்டே கை கால் அசையாம ஆக்கி முழுக வச்சிடும்.

மாசம், சீசன்

டீசல் டேங்க் பாதி காலியா கிடந்தா ராத்திரி குளிர்ல உள்ள ஈரம் படிஞ்சு தண்ணியாகி அடில நிக்கும், பயோடீசல் கலந்ததுன்னா ஈரத்த இன்னும் இழுக்கும். டீசலும் தண்ணியும் சந்திக்கிற அந்தக் கோட்டுல நுண்ணுயிர் வளந்து கருப்புப் பிசினாகும், அலையில கலங்கி ஃபில்டர அடைக்கும், அதுவும் போட் ஆடுற இடத்துல, அதாவது இன்ஜின் ரொம்பத் தேவையான இடத்துல. நிறைச்சு வைங்க, அடித் தண்ணிய வடிங்க, வந்துட்டா டேங்க்க கழுவுங்க, மருந்து மட்டும் ஊத்தினா செத்த பிசினே அடைக்கும். ஃபில்டர் மாத்தினா காத்து வெளியேத்தணும்: ப்ளீட் ஸ்க்ரூவ லேசா திறந்து கை பம்ப் அடிச்சு, குமிழி நின்னு சுத்த டீசல் வந்ததும், பம்ப் அடிச்சுட்டு இருக்கும்போதே மூடுங்க.

அனோட், அதாவது போட்டோட மத்த உலோகத்துக்குப் பதிலா தான் கரையுற உலோகத் துண்டு, தண்ணிக்கு ஏத்த மாதிரி வேணும். கடல்ல ஜிங்க், நல்ல தண்ணில மெக்னீசியம், ரெண்டும் கலந்த இடத்துல அலுமினியம். நல்ல தண்ணில ஜிங்க் மேல ஓடு மாதிரி படிஞ்சு வேலை செய்யாம போயிடும், பாக்க புதுசா இருக்கும், அதுக்குப் பதிலா உங்க ப்ரொப்பல்லரும் அடித்தகடும் கரையும். பாதி கரைஞ்சதும் மாத்துங்க, அது மேல பெயிண்ட் அடிக்காதீங்க. கரை கரண்ட் அடிக்கடி குத்துறவங்க அந்த வயர் வழியா வர்ற அரிப்புக் கரண்ட்டத் தடுக்கிற கால்வானிக் ஐசோலேட்டர் போடுங்க, இல்லன்னா பக்கத்து போட்டுக்கும் சேத்து உங்க அனோட் கரையும்.

லெட் ஆசிட் பேட்டரி ஓய்வுல 12.7 வோல்ட் இருந்தா நிறைவு, 12.2 வந்தா பாதி, அதுக்குக் கீழ இறக்காதீங்க. ஸ்டார்ட்டர் பேட்டரி தனி, ஃப்ரிட்ஜும் விளக்கும் அதத் தொடவே கூடாது.

உறையுற குளிர் வர்ற இடம்னா ஸ்ட்ரெய்னர், பம்ப், ஹீட் எக்ஸ்சேஞ்சர், குளியல் குழாய் எல்லாத்துலயும் தண்ணிய வடிங்க, தண்ணி உறைஞ்சா சுமார் 9 சதவீதம் பெருகும், பித்தளை வால்வே வெடிக்கும். ஆயில சீசன் முடிவுல மாத்துங்க, பழைய ஆயிலோட அமிலம் ஆறு மாசம் பேரிங்க அரிச்சுட்டு நிக்க வேண்டாம். இம்பெல்லர கழட்டி வைங்க, ஒரே நிலைல மடிஞ்சு கிடந்தா இதழ் அப்படியே நின்னுடும்.

திரும்ப தண்ணில இறக்குற அன்னைக்கு, க்ரேன் பட்டை இன்னும் மாட்டியிருக்கும்போதே உள்ள போய் ஒவ்வொரு சீ-காக்கையும் ஸ்டெர்ன் க்ளாண்ட்டையும் டார்ச் அடிச்சுப் பாருங்க, தண்ணி உயவுல ஓடுற சீல்னா கையால அமுக்கி உள்ள இருக்கிற காத்த வெளியேத்துங்க. எல்லாம் காஞ்சிருந்தா க்ரேன்காரர்கிட்ட பட்டைய எடுக்கச் சொல்லுங்க.